நின்றுபோன வலி

ஸ்ரீராம்புரத்தில் கோமளம் குடியிருந்த சந்தில், அவள் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல்லைக் கேட்டவர் யாரும் இல்லை. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தக் கடையில் மண்ணெண்ணெய் கிடைக்கும், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை தோதுப்படுவான், எல்லாம் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது வலி. நிறைமாதக்காரிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டால், அது சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று சொல்லக் கோமளத்தைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவள் ஒரு பிள்ளையும் பெற்றதில்லை. பெறாதவளுக்கு இவ்வளவு வாயா என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும், தங்கள் வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தால் முதலில் அவள் கதவைத்தான் தட்டினார்கள்.

இந்தப் பெயர் அவளுக்கு மில்லில் கிடைத்தது. குடியாத்தம் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் கல்யாணமாகி பெங்களூர் வந்தவள். இரண்டே வருஷத்தில் புருஷன் மார்ச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தான். ஊருக்குத் திரும்பிப் போய் யார் வீட்டுக்காவது பாரமாக இருப்பதைவிட இங்கேயே இருந்து தொலைப்போம் என்று நூல் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எட்டு வயதுத் தம்பி ஜெயவேலுவையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள்.

நூல் சுற்றும் பிரிவில் அறுபது பெண்கள். எப்போது பார்த்தாலும் அதில் இரண்டு மூன்று பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றபடியே வேலை செய்துகொண்டிருப்பார்கள். வலி என்று ஒருத்தி பாதியில் வெளியே போய், அது பொய் வலியாகி மறுநாள் திரும்பி வந்தால், அரைநாள் கூலியும் போகும், மேஸ்திரியின் வாயிலும் விழவேண்டும். அதனால் கோமளம் தன் சாப்பாட்டுத் தூக்கில் எப்போதும் ஒரு பொட்டலம் சீரகம் வைத்திருப்பாள். சீரகத்தைக் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றி, பாதியாகச் சுண்டவைத்து, பனைவெல்லம் போட்டுக் குடிக்கக் கொடுத்தால் அரை மணியில் தெரிந்துவிடும். சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் ஏறும். ஏறினால் ஜட்கா பிடிக்க ஆள் ஓடும். அடங்கினால் அவள் மறுபடி நூல் சுற்றப் போவாள். இருபது வருஷத்தில் கோமளத்தின் கஷாயம் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

ஜெயவேலு வளர்ந்து அதே மில்லில் ஃபிட்டரானான். தங்கவயலில் சுரங்க வேலை செய்த ஒருவரின் மகள் தனலக்ஷ்மியை அவனுக்குக் கட்டிவைத்தாள் கோமளம். மாமியாரும் நாத்தனாரும் ஒரே ஆளாக வாய்த்தால் வந்தவள் கதி என்னவாகும் என்று சந்துப் பெண்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். பாவம், அவர்கள் ஆசை நிறைவேறவில்லை. தனம் "அண்ணி, அண்ணி" என்று கோமளத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். கோமளமும் கறிக்குழம்பில் நல்ல துண்டு ஒன்றைத் தம்பிக்குத் தெரியாமல் அவளுக்கென்று எடுத்துவைத்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. தனம் தங்கவயலுக்குப் போனாள். இரண்டு நாள் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. மூன்று நாள் இருந்தது. தகவல் வந்து ஓடிய கோமளம் பார்த்ததெல்லாம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தனத்தைத்தான். அவள் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு கட்டு. அங்கிருந்த டாக்டர், கோமளத்தையும் தனத்தின் அம்மாவையும் நிற்கவைத்துச் சொன்னார். அடுத்த பிள்ளைக்கு வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்றார். கோமளம் தலையை ஆட்டினாள். அந்தச் சொல்லைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டாள் என்பதும் நிஜம்தான்.

இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தெட்டில், தனம் மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை அம்மா வீடு வேண்டாம், அண்ணியிடமே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தினமும் குளிப்பாட்டும்போது கோமளம் அந்தத் தழும்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவாள். மாதம் ஏற ஏறத் தழும்பு அகன்று பளபளத்தது.

"எங்க ஊரு மாரிகுப்பத்துலேர்ந்து பெங்களூருக்குத் தண்டவாளம் போட்டிருக்காங்க அண்ணி, என் வயித்து மேலயே" என்று தனம் சிரிப்பாள்.

"ரயிலு எப்ப வருதாம்?"

"வரும், வரும். இது பொண்ணு ரயிலு. ஒழுங்கா நேரத்துக்கு வரும்."

பெண்தான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். பெயர் என்ன என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த லேடி டாக்டர் மைசூர்ப் பக்கத்து அம்மாள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பழைய தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கு வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் குறித்து நானே எடுத்துவிடுகிறேன் என்றார். திங்கட்கிழமை வந்து படுக்கவேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்கு முன்னால் வலி வந்தால் உடனே வரவேண்டும்.

வந்ததே வலி. குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தடவை, ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை. இரண்டு தடவையும் கோமளம் ஜட்கா வைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு தடவையும் போய்ச் சேர்வதற்குள் வலி அடங்கிவிட்டது. இரண்டாம் தடவை அங்கிருந்த நர்ஸ், தரையெல்லாம் பாய் போட்டுப் படுத்திருந்த பெண்களைக் கையால் காட்டினாள்.

"வலிக்கும் வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? இவ்ளோ வயசாச்சு. காரணமில்லாம சும்னே ஓடி ஓடி வரீங்க."

யாரைப் பார்த்து என்ன கேட்டுவிட்டாள். இருபது வருஷமாக ஒரு மில்லுக்கே வலி பார்த்துச் சொன்ன கோமளத்தின் முகம் சிவந்துபோனது. வரும் வழியெல்லாம் தனம்தான், "விடுங்க அண்ணி, அந்தம்மாவுக்குக் காலையில காபி கிடைச்சிருக்காது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் தடவை வலி வந்தது சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு. ஜெயவேலு முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். கோமளம் லீவு போட்டு வீட்டிலிருந்தாள். தனம் அரிசி களைந்துகொண்டிருந்தவள், பாத்திரத்தை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தாள்.

"போலாமா அண்ணி?"

கோமளம் செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். பிறகுதான் அந்த நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டே நாள். இப்போது ஓடி, மறுபடி அடங்கி, மறுபடி அவள் வாயில் விழுந்து திரும்பவேண்டுமா?

"இரு, கஷாயம் வச்சுப் பாத்துடலாம். அரை மணிதானே" என்றாள்.

சீரகத்தை வறுத்தாள். வீடு முழுக்க அந்தக் கருகல் வாசனை. தனம் ஊதி ஊதிக் குடித்தாள். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. வலி அடங்கவில்லை, பெரிதாக ஏறவும் இல்லை. விட்டு விட்டு வந்தது. இப்படி இரண்டுங்கெட்டானாக ஒரு வலியைக் கோமளம் பார்த்ததில்லை. இன்னொரு தம்ளர் கொடுத்தாள். பத்து மணி இருக்கும், தனம் திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "சுருக்குன்னு இழுக்குது அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலி வரவில்லை.

ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். பத்து நிமிஷம் பார்த்தார்கள்.

"நின்னு போச்சு அண்ணி" என்று தனம் சிரித்தாள்.

கோமளத்துக்கு உயிர் வந்தது. நல்ல வேளை, ஓடி அவமானப்படவில்லை. தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றை மெதுவாகத் தட்டி, குனிந்து ஏதோ சொன்னாள்.

"என்னடி ரகசியம்?"

"திங்கக்கிழமை வரைக்கும் சும்மா இருன்னு சொன்னேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள, உங்களுக்கு எதுக்கு?"

கோமளம் அவளுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். சும்மா போகவில்லை. அங்கே நின்ற நான்கு பேரிடம், இரண்டு தம்ளர் கஷாயத்தில் வலி எப்படிப் பறந்தது என்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரிகளுக்கு என்ன தெரியும் என்றும் சொன்னாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் சோறு அப்படியே இருந்தது. தனம் பாயில் படுத்திருந்தாள். களைப்பு என்றாள். பிள்ளை அசையவில்லையே அண்ணி என்று கேட்டாள். "அதுவும்தான் களைச்சுப் போயிருக்கும், தூங்கட்டும்" என்றாள் கோமளம். இந்த வார்த்தைக்காகப் பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொண்டதற்குக் கணக்கே கிடையாது.

பன்னிரண்டரைக்குத் தனம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு மறுபடி கேட்டாள். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது, வியர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்திருந்தது. கோமளம் புடவையை விலக்கிப் பார்த்தாள். வயிறு காலையில் இருந்த வயிறாக இல்லை. அந்தத் தழும்புக்கு மேல் ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு வேறு எதுவோபோல் இருந்தது. அவள் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது.

ஜட்கா ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஒன்றரை மணி. லேடி டாக்டர் தனத்தின் வயிற்றில் கை வைத்தார், உடனே கையை எடுத்தார். கோமளத்தின் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வலி எப்போ நிந்துது?"

"பத்து மணிக்கும்மா."

டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே ஓடினார்.

மில்லிலிருந்து வந்த ஜெயவேலு ரத்தம் கொடுத்தான். அவனோடு வேலை செய்யும் நாணுவும் மைக்கேல்ராஜும் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தபோது வராந்தாவில் கோமளம் மட்டும் இருந்தாள். பெண் குழந்தை, உயிர் இல்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றிருந்தது, எடுத்துவிட்டார்கள். கோமளம் கையைக் கூப்பினாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"வலிதான் நின்னுடுச்சேம்மா. நல்லாயிட்டான்னுதானே நெனச்சேன்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "நல்லாகி நிக்கலம்மா. பழைய தையல் போட்ட இடத்துல கர்ப்பப்பை கிழிஞ்சிடுச்சு. கிழிஞ்சா அப்புறம் வலி வராது. நிந்துபோகும். வலி இருக்கும்போதே வந்திருந்தா பிள்ளையைப் பார்த்திருக்கலாம்."

ஜெயவேலு வந்து, "என்னக்கா ஆச்சு?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கியபோது, கோமளம் சொன்னாள். "முடியலன்னதும் கூட்டிட்டு வந்துட்டேன். எதனாலன்னு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலடா. நம்ம தலையெழுத்து."

அந்த ஒரு பொய்யைத்தான் அவள் அன்றைக்குச் சொன்னாள். ஆனால் அதைத் தினமும் சொல்லவேண்டியிருந்தது.

தனம் பிழைத்து எழுந்து நடமாட மூன்று மாதம் ஆனது. காலையில் கஷாயம் குடித்தது, வலி நின்றது, பிறகு மயக்கம் வந்தது, இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எது எதனால் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அண்ணி கஷாயம் கொடுத்து வலியை நிறுத்தாமல் இருந்திருந்தால், அந்த வலியிலேயே நானும் போயிருப்பேன் என்று. வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். "எங்க அண்ணிதான் என்னைக் காப்பாத்துனாங்க." சொல்லும்போது கோமளத்தின் கையைப் பிடித்துக்கொள்வாள். கோமளம் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று எழுந்துபோவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அதற்குப் பிறகு கோமளம் யாருக்கும் கஷாயம் வைக்கவில்லை. கேட்டு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டினாள். கோமளத்துக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் சீரகம் வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். ரசத்தில் வாசனையே இல்லையே என்று ஜெயவேலு எத்தனையோ தடவை முணுமுணுத்தான். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ நாள் தனத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அதற்குள் தனம், "தலை வாரிவிடட்டுமா அண்ணி?" என்று சீப்போடு பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். உலகத்தில் தன்னை நம்புகிற ஒருத்தியை இழந்துவிட்டு என்ன செய்வது? கோமளத்துக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எந்தப் பெயர் சொல்லியும் அழைக்க முடியாது, பயம்தான்.

ஆறு வருஷம் இப்படிப் போனது.

அறுபத்து நாலில் எதிர்வீட்டுக்கு ரெமிஜியஸ் என்று ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவன் குடிவந்தான். மனைவி பிலோமினா நிறைமாதம். அவளுக்கும் முதல் பிள்ளை வயிற்றைக் கிழித்துத்தான் பிறந்தது. தனத்துக்கு அவளைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் தழும்பைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமளம் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். காற்றில் கருகிய சீரக வாசனை வந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குள் ஓடினாள். பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பின் முன்னால் தனம்.

"நல்ல வேளை வந்தீங்க அண்ணி. இவளுக்குக் காலையிலேர்ந்து வலி. ரெமிஜியஸ் பூசைக்குப் போயிருக்காரு. உங்க கஷாயம்தான் வைக்கிறேன், பதம் சரியான்னு பாருங்க."

கோமளம் சட்டியைத் துணிகூட இல்லாமல் இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

"ஆட்டோ கூப்பிடு."

"என்னண்ணி இது? இப்ப ஸ்வல்ப கம்மியாத்தான் இருக்குதாம். குடிச்சா நின்னுடும். எனக்கு நின்ன மாதிரி."

"நிக்கக் கூடாது" என்றாள் கோமளம். அவள் உள்ளங்கை சிவந்து பொரிந்திருந்தது. "உனக்கு நின்னது கஷாயத்தால இல்ல தனம். உள்ள பழைய தையல் கிழிஞ்சுது. அதான் நின்னுது. டாக்டரம்மா அன்னைக்கே என்கிட்ட சொன்னாங்க. வலி இருக்கிறப்பவே கொண்டுபோயிருந்தா பிள்ளை இருந்திருக்கும். நான்தான் அரை மணி, அரை மணின்னு உக்கார வச்சேன். ஆட்டோ கூப்பிடு, அப்புறம் என்னை என்ன வேணா சொல்லு."

தனம் அவளையே பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. டாக்டர் வேறு. பிலோமினாவை உள்ளே கொண்டுபோனார்கள். தனமும் கோமளமும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. பன்னிரண்டு மணிக்கு ரெமிஜியஸ் மூச்சிரைக்க வந்து, உள்ளே போய், அழுதுகொண்டே வெளியே வந்தான். ஆண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். கோமளத்தின் காலைத் தொடக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

அவன் போன பிறகு தனம் கேட்டாள்.

"வலி நின்னதும் நான் சிரிச்சேன் இல்ல, அண்ணி?"

"ஆமா."

"வயித்தைத் தட்டிப் பேசினேனே. அப்ப அது உசுரோட இருந்துச்சா? நான் பேசினது அதுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் தனம் நம்புவாள், ஆறு வருஷமாக நம்பியதுபோல. கோமளம் தன் பொரிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள். "தெரியாது."

தனம் தலையை ஆட்டினாள். அழவில்லை. எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"பேரு சொல்லித்தான் கூப்பிட்டேன்" என்றாள். "கோமளம்னு."

பிறகு அவள் வீட்டுக்குப் போகும் வழியைப் பார்த்து நடந்தாள். கோமளம் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பின்னால் போனாள்.